கோவிவனுக்குப் புள்ளி வைத்த கதை: டி-ஷர்ட்டில் நுணுக்கமான லோகோ

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். தொரப்பள்ளியில் வீடு, பெங்களூரு கம்பெனிக்கு வேலை. இந்தப் பக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று எங்கே போனாலும் வயல் வரப்பிலோ புளியமரத்தடியிலோ ஒரு வீரன் கல்லாக நின்றுகொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு நாள் பெரிய நடையாகப் போகலாம் என்று முடிவானபோது, எல்லாருக்கும் ஒரு டி-ஷர்ட் அடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். 32 சட்டை. ஆளுக்கு 250 ரூபாய் வசூல். ஆக 8,000 ரூபாய் ஊரார் பணம் என் கையில். சாஃப்ட்வேர்காரன்தானே, கம்ப்யூட்டர் வேலைதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

லோகோவுக்கு நான் எடுத்துக்கொண்டது எடுத்தனூர் நடுகல். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கம் பக்கம் உள்ள ஊர். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டுக் கல், அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. அந்த நாய்க்குப் பெயர் கோவிவன். பெயரையும் வட்டெழுத்தில் வெட்டி, நாயையும் வீரனுக்குப் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பில் இந்தக் கல் உண்டு. நாய்க்குப் பேர் போட்ட ஊர் என்று சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏ4 தாளில் 0.3 மில்லிமீட்டர் பேனாவால் வீரனையும் நாயையும் வரைந்தேன். கீழே பெரிதாக ‘கோவிவன்’, அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘நடுகல் பார்க்கலாம் வாங்க’. போனில் படம் எடுத்து, வாட்ஸாப்பில் ஒரு பிரின்டிங் கடைக்கு அனுப்பினேன். மெரூன் சட்டை, வெள்ளை பிரின்ட், நெஞ்சில் 9 சென்டிமீட்டர் அகலம். "ஆயிடும் சார்" என்றார்கள்.

32 சட்டையும் வந்தது. நாயின் முகத்தில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. வீரனின் கச்சையில் நான் மெனக்கெட்டு வரைந்த மடிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டு. கீழே ‘கோவிவன’. அதற்கும் கீழே ‘நடுகல பாரககலாம வாஙக’. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் உண்டு. சட்டையைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, "கல்லிலயும் ஓலையிலயும் நம்ம ஆளுங்க புள்ளியை விட்டுட்டுத்தானே எழுதினாங்க, தம்பி. மரபு மாறாம அடிச்சிருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 8,000 ரூபாய்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத்தான் கிளம்பினேன். போகிற வழியில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்ததில், தப்பில் பாதிக்கு மேல் என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கிரீன் பிரின்டிங் என்பது அடிப்படையில் ஒரு சல்லடை வேலை. 1907இல் மான்செஸ்டர்காரர் சாமுவேல் சைமன் காப்புரிமை வாங்கியபோது சல்லடை பட்டுத்துணி, இப்போது பாலியஸ்டர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகுகிற எமல்ஷனைப் பூசி, மேலே கறுப்புப் படம் உள்ள ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி அடைத்துக்கொள்ளும். கறுப்புக்கு அடியில் இருந்தது கழுவினால் கரைந்துபோய் வழி திறக்கும். அந்த வழியாக மையை ஸ்குவீஜீயால் இழுத்துத் துணியில் தள்ளுவது. அவ்வளவுதான்.

திருப்பூர்ப் பழக்கத்தில் வலையை 43டி, 77டி, 120டி என்று எண்ணால் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்பதுதான் அந்த எண். அப்படியானால் 43டி வலையில் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடைவெளி 0.23 மில்லிமீட்டர், 77டியில் 0.13, 120டியில் 0.083. ஒரு கோடு சுத்தமாக விழவேண்டுமென்றால் அது குறைந்தது மூன்று இழை அகலமாவது இருக்கவேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. அதைவிட மெலிந்தால் கோட்டின் ஓரம் ரம்பம் போல ஆகும். ஓர் இழை குறுக்கே படுத்துவிட்டால் கோடே அறுந்துபோகும். இனி என் படத்தைப் பாருங்கள். 18 சென்டிமீட்டர் அகலத்தில் 0.3 மில்லிமீட்டர் பேனாவால் வரைந்ததை 9 சென்டிமீட்டருக்குச் சுருக்கினேன். கோடு 0.15 ஆகிவிட்டது. 43டி வலையில் அது ஓர் இழை இடைவெளிகூட இல்லை. 120டி போட்டிருந்தாலும் இரண்டு இழைக்குக் கீழேதான்.

‘அப்போ 120டி வலையே எல்லாத்துக்கும் போடலாமே’ என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். மெரூன் சட்டையில் வெள்ளை அடிப்பதென்றால் அடி நிறம் தெரியாதபடி மறைக்கிற மை வேண்டும். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், கெட்டியாக இருக்கும். நெருக்கமான வலையில் அது இறங்காது. இறங்கினாலும் மெலிசாக விழுந்து மெரூன் எட்டிப்பார்க்கும். அதனால் அகன்ற வலைதான். நுணுக்கம் முதல் பலி. இந்த வெள்ளை மைக்குத் திருப்பூரில் காதி பிரின்ட் என்று பெயர். கதர்த் துணியோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் தொரப்பள்ளியில் பிறந்து, 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரைப் பரப்பிய ராஜாஜி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இன்னொரு விஷயம் எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. மை துணியில் விழுந்ததும் கொஞ்சம் பரவும். அதனால் அச்சடித்த கோடு எப்போதும் தடிக்கும், அச்சடிக்காமல் விட்ட கோடு எப்போதும் மெலியும். நான் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்தவன். மெரூன் சட்டையில் வெள்ளை மை என்று ஆனதும் உருவமெல்லாம் வெள்ளை, என் கோடுகள் மட்டும் மெரூன். அதாவது கோடு என்பது மை படாமல் விடுகிற சந்து. ஏற்கெனவே 0.15 சந்து. இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளை பரவி மூடிவிட்டது. நாய்க்குக் கண் போன காரணம் இதுதான். எழுத்துக்கு நடந்தது நேர் எதிர்: அது வெள்ளை மையாலேயே விழுகிறது, பரவினால் நல்லதுதான். ஆனால் 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் புள்ளி 0.4 மில்லிமீட்டர். 43டி வலையில் இரண்டு கண்கூட இல்லை. எமல்ஷனுக்கு வெளிச்சம் கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிட்டால், ஓரங்களில் ஒளி கசிந்து அந்தப் பொட்டு முழுசாக இறுகி அடைத்துக்கொள்ளும். கழுவும்போது திறக்கவே திறக்காது.

வலையைத் தாண்டினால் துணி. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாம் போடும் சாதாரண டி-ஷர்ட், 30ஆம் நம்பர் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி. விரலால் இழுத்துப் பார்த்தால் மேலிருந்து கீழாகப் பின்னல் வரிசைகள் தெரியும். அங்குலத்துக்கு 35, 40 வரிசை. அதாவது ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டருக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். நாங்கள் மானிட்டரில் பிக்சல் என்று சொல்வதைப் போல, துணிக்கு இதுதான் பிக்சல். 0.4 மில்லிமீட்டர் புள்ளி மேட்டில் விழுந்தால் உண்டு, பள்ளத்தில் விழுந்தால் இல்லை. 32 சட்டையில் மூன்றில் மட்டும் ‘ன்’ சரியாக இருந்ததன் ரகசியம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ஆங்கில லோகோ ஒன்றில் ‘ஐ’ எழுத்தின் தலைப்பொட்டு போனால் யாருக்கும் நஷ்டமில்லை, படித்துவிடலாம். நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஆகவே தமிழில் லோகோ செய்கிறவர்கள் முதலில் அளந்து பார்க்கவேண்டியது படத்தில் மிக மெலிந்த கோட்டை அல்ல, புள்ளியைத்தான். பிறகு ‘ஙி’, ‘ணை’ மாதிரி எழுத்துகளின் உள் சந்துகளை.

வாட்ஸாப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது படத்தைச் சுருக்கி ஜேபெக்காக அனுப்பும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைக்கிற நுணுக்கத்தை எல்லாம் தூக்கிவிடும். கடையில் அந்தப் படத்தை வைத்து யாரோ ஒரு பையன் கோரல்டிராவில் ட்ரேஸ் அடித்திருக்கிறான். இன்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது, வெக்டராக வரைந்து பிடிஎஃப் ஆக அனுப்பியிருக்கவேண்டியது நான். அதிலும் தமிழ் எழுத்தை எழுத்தாக அனுப்பக்கூடாது, கோட்டுருவமாக மாற்றித்தான் அனுப்பவேண்டும். கடைக்காரர் மொழியில் ‘கர்வ்ஸ்’. பழைய கோரல்டிரா பதிப்புகளில் யூனிகோட் தமிழைத் திறந்தால் ‘கோ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும்.

கடைக்காரரைப் பார்த்தபோது சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவர் நல்ல மனுஷன். "டிடிஎஃப் போட்டுக்கலாமே சார், ஃபோட்டோவே வரும்" என்று ஒரு சாம்பிள் அடித்துக் கொடுத்தார். டிடிஎஃப் என்றால் துணியில் நேராக அச்சடிப்பதில்லை. பிளாஸ்டிக் ஃபிலிமில் இங்க்ஜெட்டால் படத்தை அடித்து, அதன்மேல் வெள்ளை மை, அதன்மேல் பசைத் தூள். சூட்டில் தூள் உருகி ஒட்டியதும், சட்டைமேல் வைத்து 150, 160 டிகிரியில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி ஃபிலிமை உரிப்பது. வலையும் கிடையாது, பள்ளம் மேடு பிரச்சினையும் கிடையாது, பசைப்படலம் பள்ளத்துக்கு மேல் பாலம் போட்டுவிடும். கண், காது, கச்சை மடிப்பு, எல்லாப் புள்ளியும் அப்படியே இருந்தது. மயங்கிவிட்டேன்.

வீட்டில் வாஷிங் மெஷினில் போட்டேன். ஆறாவது தடவை ‘பார்க்கலாம்’ என்பதில் ஒரு புள்ளி கழன்று போயிருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். டிடிஎஃபில் ஒவ்வொரு தனித்துண்டும் தன் காலில் நிற்கிற ஒரு ஸ்டிக்கர். பரப்பு பெரிசாக இருந்தால் பசை பிடிக்கும். தனியாக நிற்கிற அரை மில்லிமீட்டர் பொட்டு எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? ஸ்கிரீனில் புள்ளி பிறக்கவேயில்லை, இதில் பிறந்து செத்தது. தவிர, 25 சென்டிமீட்டருக்கு டிடிஎஃப் முதுகில் இருந்தால் மே மாதத்தில் நடுகல் தேடிப் போய்ப் பாருங்கள், முதுகில் பிளாஸ்டிக் கவர் கட்டின மாதிரி இருக்கும்.

மற்ற முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சப்ளிமேஷனில் கிடைக்கும் நுணுக்கம் வேறெதிலும் கிடைக்காது, சாயமே ஆவியாகி இழைக்குள் போய்விடும். ஆனால் அது பாலியஸ்டரில், அதுவும் வெளிர் நிறத்தில் மட்டும், பருத்திக்கு ஆகாது. வினைல் வெட்டி ஒட்டுவது கிரிக்கெட் சட்டை நம்பருக்குச் சரி. டிடிஜி எனப்படும் நேரடி இங்க்ஜெட் வெள்ளைப் பருத்தியில் அருமை. அடர் நிறச் சட்டையில் முதலில் ஒரு திரவம் தெளித்துக் காயவைத்து, வெள்ளை அடித்தளம் போட்டு, பிறகு படம் என்று இழுக்கும், விலையும் ஏறும். எம்ப்ராய்டரியை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிகிற நேரம் டீக்கடையில் நின்றால் பத்துக் கம்பெனி லோகோவை நெஞ்சில் பார்க்கலாம். சட்டை கிழிந்தாலும் தையல் போகாது. ஆனால் நூலே 0.4 மில்லிமீட்டர் தடிமன். 5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து தைத்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், தமிழ் என்றால் இன்னும் மோசம்.

எனக்கு ரொம்ப ஆசை காட்டியது டிஸ்சார்ஜ். இதில் மையைப் பூசுவதற்குப் பதில் சட்டையில் இருக்கிற சாயத்தையே ரசாயனத்தால் அந்த இடத்தில் மட்டும் உரித்துவிடுகிறார்கள். கையால் தடவினால் பிரின்ட் இருப்பதே தெரியாது. கல்லில் செதுக்கி எடுப்பது மாதிரியே இல்லையா? ஆனால் எல்லாச் சாயமும் உரியாது. சில நீலங்கள், சில கறுப்புகள் அசைந்து கொடுக்காது. சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாடை வேறு வரும், போடுவதற்கு முன் கட்டாயம் துவைக்கவேண்டும். பிள்ளைகள் சட்டை என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பணக் கணக்கையும் பார்க்கலாம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் எண்களைச் சும்மா வைத்துக்கொள்வோம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஃபிலிமோடு சேர்த்து 600 ரூபாய்; ஒரு தடவை மை இழுக்க 8 ரூபாய்; டிடிஎஃப் ஒரு சட்டைக்கு 50 ரூபாய் என்று வையுங்கள். ஒற்றை நிறம் என்றால் 15 சட்டையிலேயே ஸ்கிரீன் லாபம். நான்கு நிறம் என்றால் ஸ்கிரீனுக்கே 2,400, சட்டைக்கு 32. 134 சட்டை அடித்தால்தான் டிடிஎஃபை முந்தும். நான்கு ஸ்கிரீனையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிற பாடு தனி. ‘எது நல்ல முறை’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எத்தனை நிறம், எத்தனை சட்டை’ என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எனக்கு 32 சட்டை. ஒற்றை நிறம் என்றால் ஸ்கிரீன்தான்.

அப்புறம்தான் உறைத்தது. நான் இத்தனை நாள் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, மெரூன் சட்டையை மாற்ற நினைக்கவேயில்லை. வெளிர்ச் சந்தன நிறச் சட்டை எடுத்து, அடர் பழுப்பில் அடித்தால் மறைக்கிற வெள்ளை தேவையில்லை. தண்ணீர் அடிப்படையிலான சாதாரண பிக்மென்ட் மை போதும், மெலிசாக இருக்கும், நெருக்கமான வலையில் இறங்கும். என் பேனாக் கோடு கோடாகவே விழும். மை பரவினால் கொஞ்சம் தடிக்கும், மூடாது. 120டி வரை போகவேண்டாம், தண்ணீர் மை அதில் சீக்கிரம் காய்ந்து கண்ணை அடைத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். 77டி என்று முடிவு செய்தோம்.

படத்தை நெஞ்சிலிருந்து முதுகுக்கு மாற்றி 24 சென்டிமீட்டர் ஆக்கினேன். கோடு 0.4 மில்லிமீட்டர், 77டியில் மூன்று இழை. நெஞ்சில் கோவிவன் மட்டும், தடித்த கோட்டில், கச்சை மடிப்பு இல்லாமல். கீழ் வரி எழுத்தை 8 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பெரிசாக்கி, எழுத்துருவில் வந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு 1.2 மில்லிமீட்டர் வட்டங்களைக் கையால் வைத்தேன். பின்னல் பள்ளத்தைவிடப் பெரிசாக இருக்கவேண்டுமே. எழுத்தோடு ஒட்டிவிடாமல் கொஞ்சம் தூக்கியும் வைத்தேன். திரையில் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அதே அளவில் தாளில் அச்செடுத்து, சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று வாத்தியாரைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி போடாமல் படித்தார்.

பிக்மென்ட் மை தானாகப் பிடிக்காது, அதில் உள்ள பைண்டர் இறுக ஏறக்குறைய 150 டிகிரியில் சில நிமிடம் சூடு கொடுக்கவேண்டும். வெறும் வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடுகிற கடைகள் உண்டு. முதல் துவையலில் வாளி பழுப்பாகிவிடும். அதனால் ஒரே ஒரு சாம்பிள் வாங்கி, ஈரவெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பார்த்து, பத்துத் தடவை துவைத்த பிறகுதான் மிச்சம் 31க்குச் சரி சொன்னேன். இந்தப் பத்து நாள் பொறுமை முதல் தடவை இருந்திருந்தால் 8,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். இரண்டாவது சுற்றுச் செலவு என் கைக்காசு.

மெரூன் சட்டைகள் வீணாகவில்லை. வாத்தியார் இரண்டை எடுத்துக்கொண்டு போனார், காலையில் நடக்கப் போகும்போது அதைத்தான் போடுகிறார். யாராவது நிறுத்தி ‘கோவிவன’ என்றால் என்ன என்று கேட்டால் எடுத்தனூர்க் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுகிறார். புதுச் சட்டையில் எல்லாம் சரியாக இருப்பதால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லையாம். என்னுடைய சாம்பிள் சட்டை நேற்றோடு 23 துவையல். நெஞ்சில் நாயின் வால் நுனி லேசாக மங்கியிருக்கிறது. புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருக்கின்றன.